ஒண்ணுமில்ல மாப்ள, வா

டிஸ்கி: மலையேறின பதிவுதான், ஆனா படம் ஒண்ணு கூட கிடையாது. ஏன் கிடையாதுன்னு நடுவுல வரும்.

போன வாரம் ஆபீஸ்ல புதுசா சேர்ந்த தம்பி ஒருத்தன் மதியம் சாப்பிடும்போது பக்கத்துல வந்து உக்காந்தான். "அண்ணே, நீங்க க்ரிப் கோஹ் போயிருக்கீங்களாமே, என்னையும் ஒரு தடவ கூட்டிட்டுப் போங்கண்ணே"ன்னான். யூட்யூப்ல எவனோ ஹெல்மெட்ல கேமராவை மாட்டிக்கிட்டு ஓடின வீடியோவைப் பாத்திருக்கான். போலாம்டான்னு வாய் வரைக்கும் வந்துச்சு, சொல்லல. அப்புறம் சொல்றேன்னு மழுப்பிட்டு ஆணி புடுங்கப் போயிட்டேன். அவனுக்குச் சொல்ல வேண்டிய பதில எழுத உக்காந்தா நீளமாப் போயிருச்சு, அதனால இங்கயே போட்டுடறேன்.

முதல்ல என் கட்சி என்னன்னு சொல்லிடறேன், அப்புறம் சண்டைக்கு வாங்க. ரெண்டு பேரா ஒரு ஆபத்தான மலைக்குப் போனா, 'திரும்பிடலாம்'ங்கிற வார்த்தை பயப்படுறவனுக்குச் சொந்தம். அவன் அதைச் சொல்லிட்டா திரும்பணும். காரணம் கேக்கக் கூடாது, 'இவ்ளோ தூரம் வந்துட்டு'ன்னு இழுக்கக் கூடாது, மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கவும் கூடாது. நாலு மலை ஏறினவங்க பல பேர் இதை ஒத்துக்க மாட்டாங்க. நானும் 2024 செப்டம்பர் வரைக்கும் ஒத்துக்காத ஆளுதான்.

இடத்தைப் பத்திக் கொஞ்சம். வேல்ஸ் நாட்டோட வடக்கு மூலையில ஸ்னோடன் மலை. 1085 மீட்டர், வேல்ஸ்லயே உயரம். இப்ப அதோட வேல்ஸ் மொழிப் பேரான 'அர் வித்வா'தான் அதிகாரபூர்வமா புழங்குது, 2022-ல அந்த தேசியப் பூங்காக்காரங்க அப்படி முடிவு பண்ணாங்க. அர்த்தம் புதைமேடு. ஏதோ ஒரு ராட்சசனைப் புதைச்ச இடம்னு கதை சொல்றாங்க. உச்சிக்கு ஆறேழு நடைபாதை இருக்கு. 1896-ல ரயிலே விட்டுட்டாங்க, அதனால ஊட்டி மாதிரி ஒரு இடம்னு நினைச்சுட்டுப் பலர் வருவாங்க.

அந்த உச்சிக்குக் கிழக்கால நீட்டிக்கிட்டு இருக்கிற பாறை முகடுதான் க்ரிப் கோஹ், 923 மீட்டர். செம்முகடுன்னு தமிழ்ல சொல்லலாம். கடைசி எழுத்தைத் தொண்டையிலேர்ந்து காறிக்கிட்டுச் சொல்லணும், 'கோச்'னு படிச்சா உள்ளூர்க்காரங்க சிரிப்பாங்க. (வேற சில வேல்ஸ் பேருங்களை நான் தமிழ்ல எழுதப் போறதில்ல. கணவாய்க்கு அவங்க பாஷைல இருக்கிற வார்த்தையைத் தமிழ்ல எழுதினா வேற அர்த்தம் வந்துரும், பெரியவங்களும் படிக்கிற இடம் இது.)

க்ரிப் கோஹ்ல ஏற வேண்டிய பாறை ஒண்ணும் பெரிய கஷ்டமில்ல. இங்க கை வெச்சு ஏறுற பாறைகளுக்கு ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு கிரேடு உண்டு, இது ஒண்ணுதான். கயிறு இல்லாமத்தான் பெரும்பாலும் போறாங்க. பிரச்சனை வேற. எங்க ஊர்ப் பக்கம் சின்னப் பசங்க கிணத்துச் சுவத்து மேல சுத்தி வருவாங்க, பாத்திருப்பீங்க. தரையில அதே அகலத்துக்குக் கோடு போட்டுக் குடுத்தா எவன் வேணாலும் நடப்பான். கோடு அதேதான், பக்கத்துல கிணறு இருக்கிறதுதான் வித்தியாசம். க்ரிப் கோஹ்ல கிணறு ரெண்டு பக்கமும் இருக்கு. மேற்க பாத்து நடந்தா வலப்பக்கம் அப்படியே செங்குத்தா சில நூறு அடி. இடப்பக்கம் கொஞ்சம் சரிவு, ஆனா உருண்டா நிக்காது. முகட்டோட விளிம்பை வலது கையால பிடிச்சுக்கிட்டு, காலை இடப்பக்கச் சரிவுல வெச்சு நகரணும். தைரியசாலிங்க விளிம்பு மேலயே நிமிர்ந்து நடந்து போவாங்க. நான் அந்த ஜாதி இல்ல.

இன்னொரு விஷயம், இந்தப் பதிவுக்கு இதுதான் முக்கியம். அந்த முகட்டுல ஏறிட்டா நடுவுல இறங்குறதுக்கு நல்ல வழி கிடையாது. முன்னால போகணும், இல்ல வந்த பாறையிலயே பின்னால இறங்கணும். இறங்குறது ஏறுறதை விடக் கஷ்டம், ஏன்னா காலை எங்க வைக்கிறோம்னு கண்ணுக்குத் தெரியாது. நம்ம பாஷைல சொன்னா ரோல்பேக் இல்லாத ரிலீஸ்.

நானும் என் நண்பனும் கிளம்பினோம். பேரு வேண்டாம், நான் எப்பவும் கூப்பிடுற மாதிரி மாப்ளன்னே வெச்சுக்குவோம். திருநெல்வேலிக்காரன். காலேஜ்ல நாலு வருஷம் ஒரே ரூம், இப்ப மான்செஸ்டர்ல அடுத்தடுத்த தெரு. அந்த வருஷம் ஜூன்ல ரெண்டு பேரும் லேக் டிஸ்ட்ரிக்ட்ல ஹெல்வெலின் மலையோட ஸ்ட்ரைடிங் எட்ஜ் முகட்டுல ஏறியிருந்தோம். அவன் ஜம்முனு வந்தான். அடுத்தது க்ரிப் கோஹ்னு நான்தான் சொன்னேன். அவன் 'சரில'ன்னான். அந்த 'சரில'வை நான் சம்மதம்னு எடுத்துக்கிட்டேன்.

அன்னிக்கு அம்மா போன் பண்ணியிருந்தாங்க. மலைக்குப் போறேன்னாலே "எந்தக் கோயில்?"னு கேக்குற அம்மா. கோயில் இல்லாத மலைக்கு மனுஷன் எதுக்குப் போகணும்ங்கிறது அவங்க வாதம். நான் தேனிப் பக்கம். 2018 மார்ச்ல குரங்கணிக் காட்டுத்தீயில 20 பேருக்கு மேல செத்தாங்களே, நான் அப்ப காலேஜ் கடைசி வருஷம். எங்க ஊர்லேர்ந்து அந்த மலை தெரியும். அதுலேர்ந்து மலைங்கிற வார்த்தையக் கேட்டாலே அம்மாவுக்கு வயித்துல புளி கரைக்கும். "கூட யாரு வர்றா?"ன்னு கேட்டாங்க. மாப்ள பேரைச் சொன்னதும், "அப்ப சரி, அவன் உன்னைப் பாத்துக்குவான்"ன்னாங்க.

காலைல அஞ்சு மணிக்குக் கிளம்பி, நான்ட் பெரிஸ் ஊர்ல காரை விட்டுட்டு பஸ் புடிச்சு பென்-அ-பாஸ் போனோம். 359 மீட்டர் உயரத்துல நடை ஆரம்பிக்கிற இடம். கீழ இருக்கிற ஒரு பழைய ஓட்டல்லதான் 1953-ல எவரெஸ்ட் ஏறப் போன குழு தங்கிப் பயிற்சி எடுத்தது. நான் பஸ்ல இதையெல்லாம் மாப்ளைக்கு விளக்கிக்கிட்டே வந்தேன். அவன் ஜன்னல் வழியா மேகத்தையே பாத்துக்கிட்டு இருந்தான். காத்து மணிக்கு 20, 25 மைல்னு மலை வானிலை அறிக்கையில போட்டிருந்தான், பாறை காஞ்சிருக்கும்னும் போட்டிருந்தான். இங்கிலாந்து, வேல்ஸ்லயே அதிகம் மழை பெய்யுற இடங்கள்ல இந்த முகடும் ஒண்ணு, காஞ்ச நாள் கிடைக்கிறதே அதிர்ஷ்டம். நான் குஷியா இருந்தேன்.

பிக் ட்ராக் பாதையில முக்கா மணி நேரம் ஏறினா ஒரு கணவாய் வரும். பேரோட அர்த்தம் பன்றிக் கணவாய். அங்க பாதை ரெண்டாப் பிரியுது. இடப்பக்கம் பிக் ட்ராக், குழந்தை குட்டியோட போறவங்க போற வழி. நேரா மேல போனா க்ரிப் கோஹ். அங்க மாப்ள நின்னான். தண்ணி குடிச்சான். ஷூ லேஸை அவுத்துத் திரும்பக் கட்டினான். அப்புறம், "ஏலே, பிக் ட்ராக்லயே போவமா?"ன்னு கேட்டான்.

சாதாரணமாத்தான் கேட்டான், டீயா காப்பியான்னு கேக்குற குரல்ல. நானும் சாதாரணமாவே பதில் சொன்னேன். "அஞ்சு மணிக்கு எந்திரிச்சு இவ்ளோ தூரம் வந்துட்டு, இதுக்கா? ஒண்ணுமில்ல மாப்ள, வா."

வந்தான்.

கிழக்குப் பாறை ஏறும்போது நல்லாத்தான் வந்தான், பேச்சு மட்டும் குறைஞ்சுருச்சு. ஆரம்பத்துல ஒரு செங்குத்தான இடத்துல கை நடுங்குச்சு. அதையும் நான் குளிர்னு நினைச்சேன். முகட்டுக்கு மேல போய் முதல் அம்பதடி நகர்ந்திருப்போம். திரும்பிப் பாத்தா ஆளு குதிரை மேல உக்கார்ற மாதிரி விளிம்புல ரெண்டு பக்கமும் காலைப் போட்டு உக்காந்துட்டான். ரெண்டு கையும் பாறையைப் பிடிச்சிருக்கு, தலை குனிஞ்சிருக்கு. நான் இருபதடி முன்னால நின்னுக்கிட்டு, "ஒண்ணுமில்ல மாப்ள, வா"ன்னேன். அசையல. இன்னொரு தடவ சொன்னேன். அப்புறம், சொல்ல வெக்கமா இருக்கு, போனை எடுத்து ஒரு படம் எடுத்தேன். அப்புறமா காலேஜ் குரூப்ல போட்டு ஓட்டலாம்னு. படத்துல பாக்கும்போதுதான் அவன் தோள் குலுங்குறது எனக்குத் தெரிஞ்சுது. அவன் அழுதுக்கிட்டு இருந்தான்.

நாலு வருஷம் ஒரே ரூம்ல இருந்திருக்கேன், அவன் அழுது பாத்ததில்ல.

எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல. 999-க்குப் போன் போட்டு போலீஸைக் கேட்டு, அவங்ககிட்ட மவுண்டன் ரெஸ்க்யூன்னு சொல்லணும்னு தெரியும். ஆறு தடவ விசில் அடிச்சு, ஒரு நிமிஷம் விட்டுத் திரும்ப அடிக்கணும்னு தெரியும். மேப் இருந்துச்சு, விசில் இருந்துச்சு, சாக்லேட் இருந்துச்சு. உக்காந்து அழறவன்கிட்ட என்ன பேசணும்ங்கிறது மட்டும் எங்கயும் படிக்கல. பின்னால நாலஞ்சு பேர் வந்துட்டாங்க. யாரும் முனகல, ஆனா முகடு அகலமில்ல, தாண்டிப் போகணும்னா அவனைச் சுத்தித்தான் போகணும்.

அந்தக் கூட்டத்துல அறுபது வயசுக்கு மேல ஒரு அம்மா. அவங்க பாட்டுக்கு வந்து மாப்ளைக்கு இடப்பக்கச் சரிவுல காலை ஊனி, பாறையில சாஞ்சு நின்னாங்க. பையிலேர்ந்து சாண்ட்விச்சை எடுத்தாங்க. காலைல என்ன சாப்பிட்டேன்னு அவன்கிட்ட கேட்டாங்க. ஒண்ணும் சாப்பிடலன்னான். பாதியைப் பிச்சுக் குடுத்தாங்க. சாப்பிட ஒரு கையை எடுத்துத்தானே ஆகணும்? எடுத்தான்! அப்பதான் எனக்கு அவங்க பண்ற வேலை புரிஞ்சுது.

ஒரு தடவ கூட அவங்க 'ஒண்ணுமில்ல'ன்னு சொல்லல. இது உயரமான இடந்தான், பயமாத்தான் இருக்கும்னாங்க. இனிமே திரும்புறதை விட முன்னால போறது சுலபம், ஆனா நீ ரெடின்னு சொல்ற வரைக்கும் நாம யாரும் நகரப் போறதில்லன்னாங்க. பின்னால நின்னவங்க தலையாட்டினாங்க. அப்புறம் ரெண்டு கை ரெண்டு காலுல எப்பவும் மூணு பாறையில இருக்கணும், ஒண்ணை மட்டும் நகத்துன்னு சொல்லி, இடது கால் இங்க, வலது கை இங்கன்னு தொட்டுக் காட்டினாங்க. மூணு கூம்புப் பாறைகளையும் தாண்டி அந்தப் பக்கப் புல்தரைக்கு வர எங்களுக்கு ஒண்ணரை மணி நேரத்துக்கு மேல ஆச்சு. பக்கத்துல போய் நிக்கணும்னு எனக்கே தோணி, நானும் அவனுக்குக் கீழ்ப்பக்கமா நகர்ந்து வந்தேன். அவன் என்கிட்ட எதுவும் பேசல.

அடுத்தது கார்னெத் ஈகைன், 1065 மீட்டர், அங்கயும் கொஞ்சம் பாறை இருக்கு. அதையும் தாண்டி பிக் ட்ராக் வந்து சேர்ற நட்டுக்கல்லுக்கு வந்தோம். அங்கேர்ந்து வித்வா உச்சி பத்து நிமிஷம். அவன் கீழ் நோக்கிப் போற படியைப் பாத்து நடக்க ஆரம்பிச்சான். நானும் பின்னாலயே போனேன். க்லாஸ்லின் ஏரி தண்ணி பச்சையா அவ்ளோ அழகா இருந்துச்சு. ரெண்டு பேரும் நின்னு பாக்கல.

இதுக்கு மேல என் வாதம்.

'அதான் முடிச்சுட்டான்ல, பயத்தை ஜெயிச்சுட்டான்ல'ன்னு கேக்குறவங்க இருக்காங்க. ஆபீஸ்லயே சொன்னாங்க. கொஞ்சம் தள்ளி விட்டாத்தான் மனுஷன் முன்னேறுவான்னு. நீச்சல் கத்துக்கிட்ட கதை எல்லார்கிட்டயும் ஒண்ணு இருக்கும், மாமா கிணத்துல தூக்கிப் போட்டார், நீந்தி வந்தேன்னு. சரி, ஆனா மாமா கிணத்து மேட்டுல நின்னு பாத்துக்கிட்டு இருந்தார், முங்கினா குதிச்சுருப்பார். க்ரிப் கோஹ்ல மாப்ள வழுக்கியிருந்தா நான் என்ன குதிச்சிருப்பேன்? தள்ளி விடுறவனுக்குத் தூக்கி விடத் தெரியாத இடத்துல தள்ளி விடுறதுக்கு உரிமை இல்ல. தவிர, பயந்து விறைச்சுப் போனவன் கையும் காலும் அவன் சொன்ன பேச்சைக் கேக்காது. கிரேடு ஒண்ணுங்கிற சுலபமான பாறை அவனுக்கு அந்த நேரம் சுலபமில்ல. அதனால பயம்ங்கிறது மனசு சம்பந்தப்பட்டது மட்டும்னு சொல்றதை நான் ஏத்துக்க மாட்டேன். அது காத்து, மழை மாதிரி நிலவரத்துல ஒண்ணு. 40 மைல் காத்துன்னா திரும்பிடுவோம், அதுக்கு யாரும் காத்துக்கிட்ட காரணம் கேக்குறதில்லையே.

இன்னொரு கேள்வி நியாயமானது. அப்ப பயந்தாங்கொள்ளி கூடப் போனா எந்த மலையும் ஏற முடியாதா? ஏற முடியாமப் போகலாம். போகட்டுமே. அந்த மலை அடுத்த சனிக்கிழமையும் அங்கயேதான் நிக்கும். வேற ஆளோட போங்க, இல்ல காசு குடுத்து வழிகாட்டியக் கூட்டிட்டுப் போங்க. நான் சொல்றது, சேர்ந்து கிளம்பிட்டா அன்னிக்கு உங்க ஆசை ரெண்டாம்பட்சம்.

நம்ம ஊர்ல இந்தப் பொறுப்பு வனத்துறை கையில இருக்கு. குரங்கணிக்கு அப்புறம் கட்டுப்பாடு இறுகுச்சு. 2024 அக்டோபர்ல 'ட்ரெக் தமிழ்நாடு'ன்னு 40 பாதைகளைத் திறந்தாங்க. சுலபம், நடுத்தரம், கடினம்னு பிரிச்சு, உள்ளூர் வழிகாட்டியோடதான் போகணும்னு வெச்சாங்க. வேல்ஸ்ல அப்படிக் கிடையாது. 2000-ல வந்த ஒரு சட்டப்படி இந்த மலையெல்லாம் திறந்தவெளி. டிக்கெட் இல்ல, பெயர்ப் பதிவு இல்ல, பன்றிக் கணவாய்ல நின்னு 'தம்பி நீ போகாதே'ன்னு சொல்ல ஒரு காவலாளி இல்ல. எனக்கு இந்தச் சுதந்திரம் ரொம்பப் புடிக்கும், இதை யாரும் மூடிடக் கூடாதுன்னுதான் நினைக்கிறேன். மாட்டிக்கிட்டா வந்து தூக்குறவங்க லான்பெரிஸ் மீட்புக் குழுக்காரங்க, சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள், காசும் கேக்க மாட்டாங்க. ஆனா காவலாளி இல்லாத இடத்துல அந்த வேலை யாருக்கு வருது? கூட வர்றவனுக்கு. அன்னிக்கு மாப்ளைக்குக் காவலாளி நான். அவன் கேட்டைத் தட்டினான், நான் திறக்கல.

ஏன் அவன் அழுத்திச் சொல்லலன்னு நான் ரொம்ப நாள் அவன் மேலயே கோவமா இருந்தேன். வாய் விட்டுச் சொல்லியிருக்கலாம்லன்னு. அப்புறம் ஒரு நாள் காலை ஸ்டாண்ட்-அப் மீட்டிங்ல எட்டுப் பேர் வரிசையா 'நோ பிளாக்கர்ஸ்'னு சொன்னோம். அதுல அஞ்சு பேருக்கு பில்டே ஓடல, எல்லாருக்கும் தெரியும். வேலையில சேர்ந்த நாள்லேர்ந்து முடியலன்னு சொல்லாம இருக்கத்தானே பழகியிருக்கோம். அப்படிப் பழகினவன் 'பிக் ட்ராக்ல போவமா'ன்னு கேட்டான்னா, அதுக்கு மேல சத்தமா அவனால கேக்க முடியாது. அதைக் காதுல வாங்குறது முன்னால போறவன் வேலை.

அன்னிக்கு ராத்திரி அந்தப் படத்தை அழிச்சேன். அவனுக்கு போன் பண்ணி, அப்படி ஒரு படம் எடுத்ததையும் அழிச்சதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. "வீட்ல சொல்லிறாதல"ன்னான். அவ்ளோதான். இப்பவும் அடுத்த தெருவுலதான் இருக்கான், வெள்ளிக்கிழமை பிரியாணிக்கு வருவான், சனிக்கிழமை பேட்மிண்டன் போறான். மலைக்கு வர்றியான்னு நான் கேக்குறதில்ல. அம்மா மட்டும் போன்ல, "அவன் கூடத்தானே போற?"ன்னு இன்னும் கேக்குறாங்க. ஆமான்னு சொல்லி வெச்சிருக்கேன்.

ஆகவே தம்பி, போலாம். முதல்ல காஞ்ச நாளாப் பாத்து ட்ரைஃபான் பக்கம் சின்னதா ரெண்டு பாறை ஏறிப் பாக்கலாம். அப்புறம் க்ரிப் கோஹ். பன்றிக் கணவாய்ல உக்காந்து பிளாஸ்க்ல இருக்கிற டீயை முழுசாக் குடிச்சு முடிப்போம், அதுக்குப் பதினஞ்சு நிமிஷம் ஆகும். பிக் ட்ராக்ல போலாமான்னு நானே கேப்பேன். ரெண்டு தடவ கேப்பேன். ஆமான்னு நீ சொல்லிட்டா இடப்பக்கம் திரும்பிடுவோம், அந்த வழிலயும் உச்சிக்குப் போகலாம்.

காலைல சாப்பிட்டுட்டு வந்துரு.